வீடு கட்ட கொட்டேஷன் வாங்கப் போறீங்களா? ஸ்கொயர் ஃபீட் ரேட் கேக்கிறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க

ஹோம் லோன் வீடியோ போட்டதுக்கு அப்புறம் கமென்ட்ல அதிகமா வந்த கேள்வி வட்டியைப் பத்தி இல்லை. "எங்க ஊர்ல ஸ்கொயர் ஃபீட்டுக்கு 2,400 கேக்கறாங்க, இது சரியான ரேட்டா?" இதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கீங்க.

உண்மையைச் சொல்லணும்னா, இந்தக் கேள்விக்கு என்கிட்ட பதில் இல்லை. யார்கிட்டயும் இருக்காது. அந்த 2,400க்குள்ள சம்ப் இருக்கா, செப்டிக் டேங்க் இருக்கா, டைல்ஸ் என்ன விலை, போர்டிகோவை முழுசா அளக்கறாரா பாதியா அளக்கறாரா, பணம் எப்ப எப்ப குடுக்கணும்... இதெல்லாம் தெரியாம 2,400 அதிகமா குறைவான்னு சொல்ல முடியாது. ஆனா நம்மில் பெரும்பாலானவங்க வாழ்க்கையிலேயே பெரிய செலவை இந்த ஒரே ஒரு நம்பரை வச்சுத்தான் முடிவு பண்றோம். எங்க வீட்லயும் அப்படித்தான் பண்ணோம். முதல்ல அந்தக் கதையைச் சொல்லிடறேன்.

2017ல எங்க அப்பா ரிட்டயர்மென்ட் பணத்துல திருச்சி பக்கத்துல 1,200 சதுர அடியில வீடு கட்டினார். மூணு பேர்கிட்ட கொட்டேஷன் வாங்கினோம். ஒருத்தர் 1,850, இன்னொருத்தர் 1,800, மூணாவது ஆள் 1,650. அப்பாவுக்கு 150 ரூபாய் வித்தியாசம் கண்ணுல பட்டுடுச்சு. 1,200 சதுர அடிக்கு 1,80,000 ரூபாய் மிச்சம். யாருக்குத்தான் ஆசை வராது? மொத்தம் 19,80,000க்கு அக்ரிமென்ட் போட்டோம்.

பேமென்ட் எப்படின்னு காண்ட்ராக்டரே எழுதிக் குடுத்தார். அக்ரிமென்ட் போடும்போது 20%, பேஸ்மென்ட்டுக்கு 20%, லிண்டலுக்கு 20%, ரூஃப் சென்ட்ரிங் அடிக்கும்போது 20%, பூச்சுக்கு 15%, சாவி குடுக்கும்போது 5%. நாங்களும் சரின்னு தலையாட்டிட்டோம். ரூஃப் கான்கிரீட் போட்ட அன்னிக்கு வரைக்கும் எல்லாம் நல்லாத்தான் போச்சு. அதுக்கப்புறம் ஆள் வரலை. போன் எடுக்கலை. எடுத்தாலும் "அடுத்த திங்கக்கிழமை ஆள் அனுப்பறேன் சார்."

அன்னிக்கு நிலைமை என்னன்னா, நாங்க குடுத்தது 80%, அதாவது 15,84,000. ரூஃப் போட்டு முடிச்ச நிலையில ஒரு சாதாரண வீட்ல தோராயமா 55% வேலைதான் முடிஞ்சிருக்கும். அவர் ரேட்படியே கணக்குப் போட்டாலும் 10,89,000க்குத்தான் வேலை நடந்திருக்கு. மிச்சம் 4,95,000 ரூபாய் எங்க அப்பா அவருக்கு வட்டியில்லாம, ஜாமீன் இல்லாம குடுத்த கடன். அந்தப் பணத்துல அவர் வேற யாரோ ஒருத்தர் வீட்டை முடிச்சுக்கிட்டிருந்தார்னு பின்னாடிதான் தெரிஞ்சது. நாங்க ஆரம்பிச்சப்போ, எங்களுக்கு முன்னாடி இருந்தவர் வேலையும் இப்படித்தான் நின்னிருக்கும்போல.

வேற மேஸ்திரி வச்சு மிச்ச வேலையை முடிக்க 9,10,000 ஆச்சு. ஆக மொத்தம் 24,94,000. சதுர அடிக்கு 2,078 ரூபாய்! 1,800 சொன்னவர்கிட்ட குடுத்திருந்தா 21,60,000ல முடிஞ்சிருக்கும். இது போக எட்டு மாசம் லேட், மாசம் 9,000 வாடகை, அப்பாவோட பிரஷர் மாத்திரை தனிக்கணக்கு.

இதுல நான் கத்துக்கிட்டது, வீடு கட்டறதுல நாம எடுக்கிற பெரிய முடிவு காண்ட்ராக்டர் யாருங்கிறது கூட இல்லை. வேலையை எந்த முறையில குடுக்கறோம், எதை வச்சு விலை கேக்கறோம், பணத்தை எந்த வரிசையில குடுக்கறோம். இந்த மூணுலதான் காசு போகுது, இல்லன்னா மிச்சமாகுது. ஒவ்வொண்ணா பாத்துடலாம்.

வேலையை எந்த முறையில குடுக்கறது?

நம்ம ஊர்ல பொதுவா ரெண்டு வழிதான் பேசுவாங்க: லேபர் காண்ட்ராக்ட், ஃபுல் காண்ட்ராக்ட். லேபர் காண்ட்ராக்ட்னா சிமென்ட், கம்பி, செங்கல், எம்-சாண்ட் எல்லாம் நாம வாங்கித் தரணும். மேஸ்திரி ஆளைக் கூட்டிட்டு வந்து சதுர அடிக்கு இவ்வளவுன்னு கூலி வாங்கிக்குவார். ஃபுல் காண்ட்ராக்ட்னா பொருளும் கூலியும் அவரோடது.

எது லாபம்னு கேக்காதீங்க. எதுல எந்த ரிஸ்க் யார் தலையில விழுதுன்னு கேளுங்க.

லேபர் காண்ட்ராக்ட்ல விலை ஏறினா உங்க தலையில. பொருள் வீணானா உங்க தலையில. நைட்ல ரெண்டு மூட்டை சிமென்ட் காணாமப் போனா உங்க தலையில. காலைல 9 மணிக்கு ஜல்லி லாரி வரலைன்னா, வந்த ஆறு ஆளும் சும்மா உக்காந்திருப்பாங்க. அந்தப் பஞ்சாயத்தும் உங்ககிட்டதான் வரும். பதிலுக்கு என்ன கிடைக்குது? தரம் உங்க கையில. எந்த பிராண்ட் கம்பி, எந்த சிமென்ட்னு நீங்க முடிவு பண்றீங்க. காண்ட்ராக்டரோட லாப சதவீதமும் மிச்சம். தனி வீடு ஒண்ணுக்கு வெறும் கூலி வேலை மட்டும் செய்யற ஒப்பந்தத்துக்கு ஜிஎஸ்டி விலக்கும் இருக்கு. அப்பார்ட்மென்ட் மாதிரி குடியிருப்புத் தொகுதிக்குள்ள வர்ற வீட்டுக்கு இது கிடையாது.

ஃபுல் காண்ட்ராக்ட்ல விலை ஏறற ரிஸ்க்கை அவர் எடுத்துக்கறார். இதைப் பெரிய விஷயமா பேசுவாங்க. ஆனா கணக்கு போட்டுப் பாருங்க. பொதுவா சதுர அடிக்கு மூணரையில இருந்து நாலு கிலோ கம்பி, 0.4 மூட்டை சிமென்ட்னு ஒரு தோராயக் கணக்கு வச்சுக்குவாங்க. 1,200 சதுர அடி வீட்டுக்கு ஏறக்குறைய 4.5 டன் கம்பி, 480 மூட்டை சிமென்ட். நீங்க ஆரம்பிச்ச பிறகு கம்பி விலை கிலோவுக்கு 20 ரூபாய் ஏறினாக்கூட 90,000 ரூபாய்தான். 30 லட்ச ரூபாய் வீட்ல அது 3%. 2022ல கம்பி விலை ரொம்ப ஏறி, மே மாசம் மத்திய அரசு ஸ்டீல் ஏற்றுமதிக்கே வரி போட்ட அளவுக்குப் போச்சு இல்லையா, அப்ப நிறைய பேர் பாதி வேலையில ரேட்டை ஏத்திக் கேட்டாங்க. கேட்டதைக் குடுத்தவங்க, அக்ரிமென்ட்ல "விலை ஏற்றம் காண்ட்ராக்டர் பொறுப்பு"ன்னு ஒரு வரி இல்லாதவங்கதான்.

இது ரெண்டு பக்கமும் வெட்டும். 2025 செப்டம்பர் 22ல இருந்து சிமென்ட்டுக்கு ஜிஎஸ்டி 28%ல இருந்து 18% ஆச்சு. அதுக்கு முன்னாடி ஃபிக்ஸட் ரேட்ல கையெழுத்துப் போட்டிருந்தா, அந்த லாபம் காண்ட்ராக்டருக்கு. அதுல கோவப்பட ஒண்ணும் இல்லை. ஏறினா அவர் பாத்துக்கணும்னா, இறங்கினாலும் அவருக்குத்தான்.

ஃபுல் காண்ட்ராக்ட்ல உண்மையான ஆபத்து வேற இடத்துல இருக்கு. ரேட் ஃபிக்ஸ் ஆனதுமே, ஒவ்வொரு மூட்டை சிமென்ட் குறைஞ்சாலும் அது அவர் லாபம். பூசி மறைச்ச பிறகு உள்ள என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியாது. அதனால ஃபுல் காண்ட்ராக்ட் குடுக்கறவங்க, காண்ட்ராக்டருக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு இன்ஜினியரை விசிட்டுக்கு இவ்வளவுன்னு பேசி வச்சுக்கணும். அஸ்திவாரக் கம்பி கட்டினதும், காலம் கம்பி, ரூஃப் கம்பி கட்டினதும், கான்கிரீட் போடறதுக்கு முன்னாடி ஒரு தடவை வந்து பாத்தாப் போதும். ஆறேழு விசிட். அந்தச் செலவுக்கு யோசிக்காதீங்க.

மூணாவதா ஒரு வழி இருக்கு, வீடு கட்டறவங்க பலருக்குத் தெரியாது. அயிட்டம் ரேட். மண் தோண்ட கன அடிக்கு இவ்வளவு, கான்கிரீட்டுக்கு இவ்வளவு, செங்கல் கட்டுமானத்துக்கு இவ்வளவுன்னு தனித்தனியா ரேட் பேசி, முடிஞ்ச வேலையை டேப் வச்சு அளந்து பணம் குடுக்கறது. அரசு வேலைகள்ல இது ரொம்ப சகஜம். எவ்வளவு வேலை வரும்னு முன்கூட்டியே தெரியாத இடத்துக்கு இதுதான் பொருத்தம். உதாரணமா கரிசல் மண்ணுல அஸ்திவாரம். நாலடியில கெட்டி மண் வருமா, ஏழடி போகணுமான்னு தோண்டினாத்தான் தெரியும். அதுக்கும் சேத்து சதுர அடி ரேட்ல பேசினா, காண்ட்ராக்டர் ஒண்ணு பயந்து ரேட்டை ஏத்தி வைப்பார், இல்ல நாலடியிலேயே நிறுத்திடுவார். பழைய வீட்டை இடிச்சுச் சேத்துக் கட்டற வேலைக்கும் இதே கதைதான்.

இன்னொண்ணு, "ஆகிற செலவு முழுக்க உங்களோடது, எனக்கு மொத்தத்துல 10% குடுத்துடுங்க"ன்னு சில இன்ஜினியர்கள் கேப்பாங்க. ஆள் நல்லவரா இருந்தாலும் இந்த முறை எனக்குப் பிடிக்கலை. செலவு கூடக் கூட அவர் வருமானமும் கூடுது. இப்படித்தான் போகணும்னா சதவீதத்தை விட்டுட்டு, "மொத்தம் இவ்வளவு லட்சம்"னு ஃபீஸை ஃபிக்ஸ் பண்ணிடுங்க.

பிளான், அப்ரூவல், கட்டுமானம், இன்டீரியர் எல்லாம் ஒரே கம்பெனி, நீங்க சாவி வாங்கினாப் போதும்ங்கிற டர்ன்கீ பேக்கேஜும் இப்ப எல்லா ஊர்லயும் வந்தாச்சு. நேரமே இல்லாதவங்களுக்கு வசதி. ஆனா வரைஞ்சவரும் கட்டறவரும் ஒருத்தரேன்னா, கேள்வி கேக்க ஆள் இல்லை. மேல சொன்ன தனி இன்ஜினியர் இங்க கட்டாயம்.

தவறான வழியைத் தேர்ந்தெடுத்தா படிச்சவங்க, பெரியவங்ககூட மாட்டிக்குவாங்க. ஸ்காட்லாந்து பாராளுமன்றக் கட்டடம் கேள்விப்பட்டிருக்கீங்களா? 1997ல அரசாங்கம் சொன்ன மதிப்பு 1 கோடியில இருந்து 4 கோடி பவுண்டு. 2004ல திறந்தப்போ மூணு வருஷம் லேட், செலவு 41 கோடி பவுண்டுக்கு மேல. ஃப்ரேசர் பிரபு தலைமையில விசாரணையே வச்சாங்க. அந்த அறிக்கை கடுமையா குறை சொன்ன விஷயங்கள்ல முக்கியமானது, அவங்க தேர்ந்தெடுத்த ஒப்பந்த முறை. டிசைன் முழுசா முடியறதுக்கு முன்னாடியே வேலையை ஆரம்பிச்சு, ஒவ்வொரு வேலையையும் தனித்தனி காண்ட்ராக்டருக்கு ஓனரே நேரடியா குடுக்கிற முறை. கடைசி காண்ட்ராக்ட் போடற வரைக்கும் மொத்தச் செலவு எவ்வளவுன்னு யாருக்கும் தெரியாது, ரிஸ்க் முழுக்க ஓனர் தலையில. இந்த ரிஸ்க்கை யாரும் சரியா எடைபோட்டுப் பாக்காமலே அந்த முறைக்குப் போயிட்டாங்க.

இதை ஏன் சொல்றேன்னா, "பிளானை அப்புறம் பாத்துக்கலாம், நல்ல நாள் போயிடும், முதல்ல பூஜை போட்டு அஸ்திவாரம் எடுத்துடலாம், ஒவ்வொரு வேலைக்கும் நாமளே ஆள் பிடிச்சுக்கலாம்"னு நம்ம வீட்லயும் இதையேதான் பண்றோம். ஸ்காட்லாந்துக்காரங்களுக்கு வரிப்பணம் இருந்துச்சு. நமக்கு பிஎஃப் பணமும் நகைக்கடனும்தான்.

சரி, உங்களுக்கு எது? நீங்களோ, ரிட்டயர்டான அப்பாவோ, மாமாவோ தினமும் சைட்ல நிக்க முடியும், பொருள் வாங்கிப் பழக்கம் இருக்குன்னா லேபர் காண்ட்ராக்ட் தைரியமா போகலாம். நீங்க துபாய்லயோ பெங்களூர்லயோ இருந்துக்கிட்டு, அம்மாவை மட்டும் நம்பி லேபர் காண்ட்ராக்ட் போடாதீங்க. மிச்சம் பிடிக்கிற காசெல்லாம் வீணாகற பொருள்லயே போயிடும். என்னைக் கேட்டா பல பேருக்கு ஒத்துவர்ற வழி ஒரு கலவைதான்: அஸ்திவாரம் பேஸ்மென்ட் வரைக்கும் அயிட்டம் ரேட், அதுக்கு மேல ஃபுல் காண்ட்ராக்ட், டைல்ஸ், பாத்ரூம் ஃபிட்டிங்ஸ், லைட் மட்டும் நாமளே வாங்கித் தர்றது. இந்தக் கடைசி மூணுலதான் ரசனையும் விலையும் ரொம்ப மாறும், கடைசி நேரச் சண்டையும் வரும். அதைக் காண்ட்ராக்ட்ல இருந்தே எடுத்துட்டா பாதித் தலைவலி போச்சு.

கொட்டேஷன் கேக்கிற விதம்

இப்ப முக்கியமான இடம். நாம பொதுவா என்ன பண்றோம்? பிளானை வாட்ஸ்அப்ல நாலு பேருக்கு அனுப்பி, "அண்ணே, ஸ்கொயர் ஃபீட்டுக்கு என்ன ஆகும்?"னு கேக்கறோம். நாலு பேரும் அவங்கவங்க மனசுல இருக்கிற நாலு வேற வேற வீட்டுக்கு விலை சொல்றாங்க. நாம அந்த நாலு நம்பரையும் பக்கத்துல பக்கத்துல வச்சு சின்ன நம்பரை எடுக்கறோம்.

ஒரு கணக்கைப் பாருங்க. முதல் ஆள் 2,350, ரெண்டாவது ஆள் 2,550. 1,200 சதுர அடிக்கு 28,20,000, அப்புறம் 30,60,000. வித்தியாசம் 2,40,000. முதல் ஆள்தான் மலிவுன்னு தோணும். இப்ப உள்ள என்ன இருக்குன்னு கேளுங்க. முதல் ஆள் ரேட்ல 6,000 லிட்டர் சம்ப் சேராது. லிட்டருக்கு 22 ரூபாய் தனி, அதாவது 1,32,000. செப்டிக் டேங்க் தனி, 80,000. அவர் டைல்ஸுக்கு வச்சிருக்கிறது சதுர அடிக்கு 45 ரூபாய், ரெண்டாவது ஆள் வச்சிருக்கிறது 70. தரையும் பாத்ரூம் சுவரும் சேத்து 1,500 சதுர அடி டைல்ஸ்னா, 37,500 வித்தியாசம். மூணையும் கூட்டினா 2,49,500. முதல் ஆளோட உண்மையான விலை 30,69,500. மலிவுன்னு நினைச்சவர்தான் 9,500 ரூபாய் அதிகம்!

இன்னும் அளவு முறைக்கே வரலை. சிலர் சன்ஷேடையும் சேத்து அளப்பாங்க. பால்கனி, போர்டிகோ, மாடிப்படி ஹெட்ரூம் இதெல்லாம் முழுசா பாதியான்னு ஆளுக்கு ஆள் மாறும். பேஸ்மென்ட் உயரம் ரோட்ல இருந்து மூணடிக்கு மேல போனா தனி ரேட்னு சிலர் வச்சிருப்பாங்க. காம்பவுண்டு சுவர், கேட், எலிவேஷன் வேலை, போர்வெல், மோட்டார், தற்காலிக ஈபி கனெக்ஷன், கட்டுமானத் தண்ணி... இதெல்லாம் யார் செலவு? பாதி வழியில வர்ற "எக்ஸ்ட்ரா" பில் முக்கால்வாசி இந்த லிஸ்ட்ல இருந்துதான் வரும்.

அதனால விலை கேக்கிறதுக்கு முன்னாடி ஒரு வேலை. ஒரு இன்ஜினியருக்கு ஃபீஸ் குடுத்து, ஸ்ட்ரக்சுரல் டிராயிங்கோட ஒரு பி.ஓ.க்யூ தயார் பண்ணச் சொல்லுங்க. அதாவது என்னென்ன வேலை, எவ்வளவு அளவு, என்ன தரம்னு எழுதின பட்டியல். ரேட் கட்டம் மட்டும் காலியா இருக்கும். கான்கிரீட் எம்20, கம்பி எஃப்இ 550டி, சிமென்ட் இந்த மூணு பிராண்ட்ல ஒண்ணு, பெயின்ட் ஒரு பிரைமர் ரெண்டு கோட்டுங்கிற மாதிரி தெளிவா இருக்கணும். "ஃபர்ஸ்ட் குவாலிட்டி", "பிராண்டட் பொருள்"ங்கிற வார்த்தையெல்லாம் அதுல வரவே கூடாது. அந்த ஒரே பேப்பரை எல்லாருக்கும் குடுத்து, ஒரே தேதிக்குள்ள நிரப்பி வாங்குங்க. அவ்வளவுதான் டெண்டர். பெரிய வார்த்தைன்னு பயப்படாதீங்க.

அரசாங்கம் எல்1, அதாவது குறைஞ்ச ரேட் சொன்னவருக்குத்தானே குடுக்குதுன்னு கேக்கலாம். தமிழ்நாட்ல இதுக்குன்னு 1998ல இருந்து டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டமே இருக்கு. ஆனா அங்க குறைஞ்ச ரேட் கடைசியிலதான் வருது. முன்பணமா டெபாசிட் கட்டணும், முன்ன செஞ்ச வேலைக்குச் சான்று காட்டணும். ரெண்டு கவர் முறையில, தகுதிக் கவர்ல தேறினாத்தான் விலைக் கவரையே பிரிப்பாங்க. வேலை முடியற வரைக்கும் ஒரு தொகையைப் பிடிச்சு வைப்பாங்க. இந்தக் காவல் எதுவும் இல்லாம நாம எல்1ஐ மட்டும் காப்பி அடிக்கறோம்.

நாம வீட்டளவுல செய்யக்கூடிய தகுதிக் கவர் என்னன்னா, அவர் இப்ப கட்டிக்கிட்டிருக்கிற சைட் ஒண்ணையும், ரெண்டு மூணு வருஷம் முன்னாடி முடிச்ச வீடு ஒண்ணையும் நேர்ல போய்ப் பாக்கறது. முடிச்ச வீட்ல ஓனர்கிட்ட, "மழைக்கு ஒழுகுதா? சொன்ன தேதிக்கு முடிச்சாரா? நடுவுல எவ்வளவு எக்ஸ்ட்ரா கேட்டார்?" இந்த மூணே மூணு கேள்வி. எத்தனை சைட் ஒரே சமயத்துல ஓடுதுன்னும் விசாரிங்க. நாலு ஆளை வச்சுக்கிட்டு ஏழு சைட் பாக்கறவர்னா உங்க பணம் எங்க போகும்னு எங்க அப்பாவைக் கேளுங்க.

மத்தவங்களைவிட ரொம்பக் குறைவா ஒருத்தர் நிரப்பியிருந்தா சந்தோஷப்படறதுக்கு முன்னாடி, எந்த வரியில குறைஞ்சிருக்குன்னு பாருங்க. பி.ஓ.க்யூவோட பெரிய லாபமே இதுதான். கான்கிரீட்ல மட்டும் ஆள் குறைச்சிருந்தா, கணக்கைத் தப்பா போட்டிருக்கார், இல்ல கான்கிரீட்டைக் குறைக்கப் போறார். கூப்பிட்டு உக்கார வச்சுக் கேளுங்க, "அண்ணே, இந்த ரேட்ல எப்படிக் கட்டுப்படியாகும்?" நல்ல காண்ட்ராக்டர் கோவிச்சுக்க மாட்டார், விளக்குவார்.

ஜிஎஸ்டி பத்தி ஒரு வார்த்தை. ஃபுல் காண்ட்ராக்ட்டுக்கு 18%. 30 லட்சத்துக்கு 5,40,000. "ஜிஎஸ்டி தனி"ன்னு கொட்டேஷன் கடைசி வரியில பொடி எழுத்துல இருந்தா கணக்கே மாறிடும். பதிவு பண்ணின காண்ட்ராக்டர் தான் வாங்கின சிமென்ட், கம்பிக்குக் கட்டின வரியைக் கழிச்சுக்க முடியும். அதனால அவரோட அடிப்படை ரேட்டே குறையணும்னு பேரம் பேசலாம். எல்லார்கிட்டயும் "வரி உட்பட"ன்னே விலை கேளுங்க.

கொஞ்சம் பெரிய வீடுன்னா இன்னொண்ணு. ஒரே காண்ட்ராக்டருக்கு ஒரு நிதியாண்டுல 50 லட்சத்துக்கு மேல குடுத்தா, சொந்த வீடா இருந்தாலும் டிடிஎஸ் பிடிக்கணும். 1961 வருமான வரிச் சட்டத்துல 194எம்னு இதுக்காகவே ஒரு பிரிவு வந்துச்சு. 5%னு இருந்ததை 2024 அக்டோபர்ல 2% ஆக்கினாங்க. டான் நம்பர் தேவையில்லை, உங்க பான் போதும். உங்க ஆடிட்டர்கிட்ட முன்னாடியே சொல்லி வைங்க.

பணம் குடுக்கிற வரிசை

எங்க அப்பா வீட்ல மாட்டினது இங்கதான். விதி ஒண்ணே ஒண்ணு: எந்த நாள்ல வேலை நின்னாலும், நீங்க குடுத்தது முடிஞ்ச வேலையைவிட அதிகமா இருக்கக் கூடாது.

நான் இப்ப எல்லாருக்கும் சொல்ற வரிசை இது. அட்வான்ஸ் 5%. பேஸ்மென்ட் முடிஞ்சதும் 15%, லிண்டல் முடிஞ்சதும் 15%, ரூஃப் கான்கிரீட் போட்டு முடிச்சதும் 20%. ஆக ரூஃப் வரைக்கும் 55%. பூச்சு முடிஞ்சதும் 17%, தரை, வயரிங், பிளம்பிங் முடிஞ்சதும் 15%, பெயின்ட் அடிச்சு சாவி குடுக்கும்போது 8%. கடைசி 5% ஒரு மழைக்காலம் முடிஞ்ச பிறகு. ஐப்பசி, கார்த்திகை மழையில ரூஃப் ஒழுகலைன்னா அந்தப் பணம் அவருக்கு. ஒழுகினா சரி பண்ணிட்டு வாங்கிக்கட்டும்.

ஒவ்வொரு வரியிலயும் "முடிஞ்சதும்"ங்கிற வார்த்தையைக் கவனிங்க. எங்க அக்ரிமென்ட்ல "சென்ட்ரிங் அடிக்கும்போது"ன்னு இருந்துச்சு. அந்த ஒரு வார்த்தைக்கு நாங்க லட்சக்கணக்குல விலை குடுத்தோம்.

"இந்த மாதிரி குடுத்தா நான் எதை வச்சு ரொட்டேஷன் பண்றது சார்?"னு காண்ட்ராக்டர் கேப்பார். நியாயமான கேள்விதான். ரூஃப்க்கு ஒரே நேரத்துல பெரிய பணம் தேவைப்படும். அதுக்கு வழி, அந்த ஸ்டேஜ் கம்பிக்கும் சிமென்ட்டுக்கும் நீங்களே கடைக்கு நேரடியா பணம் போட்டு, அந்தத் தொகையை அவர் பில்லுல கழிச்சுக்கறது. பொருள் உங்க சைட்ல இறங்கிடும், பணம் வேற சைட்டுக்குப் போகாது.

பேங்க் லோன் வாங்கறவங்களுக்கு இது ரெட்டிப்பு முக்கியம். பேங்க் முதல்ல உங்க கைப்பணத்தைப் போடச் சொல்லும். அதுக்கப்புறம் அவங்க இன்ஜினியர் வந்து பாத்து, ஸ்டேஜ் முடிஞ்சிருந்தாத்தான் அடுத்த தவணையை விடுவாங்க. காண்ட்ராக்டரோ வேலைக்கு முன்னாடி கேப்பார். இந்த இடைவெளியை அடைக்கத்தான் பல பேர் தங்க நகையை அடகு வைக்கறாங்க, பர்சனல் லோன் எடுக்கறாங்க. அக்ரிமென்ட் போடறதுக்கு முன்னாடியே பேங்க்ல ஸ்டேஜ் லிஸ்ட்டை வாங்கி, அதே ஸ்டேஜை காண்ட்ராக்டர் அக்ரிமென்ட்லயும் எழுதிட்டா இந்தப் பிரச்சனை பெருமளவு குறையும்.

எக்ஸ்ட்ரா வேலை வரத்தான் செய்யும். அம்மாவுக்கு பூஜை ரூம் பெருசா வேணும், மச்சான் வந்து பாத்துட்டு "இங்க ஒரு ஷெல்ஃப் வைக்கலாமே"ம்பார். பி.ஓ.க்யூ ரேட் இருந்தா, எக்ஸ்ட்ராவுக்கும் அதே ரேட்தான்னு அக்ரிமென்ட்ல எழுதிக்கலாம். செய்யறதுக்கு முன்னாடி தொகையை வாட்ஸ்அப்ல எழுதி, அவர் ஓகே போட்ட பிறகுதான் வேலை.

பணத்தை எல்லாம் பேங்க் மூலமாவே அனுப்புங்க. தனி வீடு கட்டற காண்ட்ராக்டர் ரெரா சட்டத்துக்குள்ள வரமாட்டார். அது ப்ராஜெக்ட் போட்டு விக்கிற ப்ரமோட்டர்களுக்கு. ஆனா 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல வீடு கட்டித் தர்றதும் ஒரு சேவைதான்னு இருக்கு, அதனால நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாம். அங்க அக்ரிமென்ட்டும் பேங்க் ஸ்டேட்மென்ட்டும்தான் பேசும். எங்க அப்பா பாதிப் பணத்தைக் கையில குடுத்திருந்தார். அதனால நாங்க போகலை.

"ஏற்கனவே கையெழுத்துப் போட்டுட்டேன், ரூஃப் வரைக்கும் 80%ன்னு இருக்கு, இப்ப என்ன பண்றது?"ன்னு கேக்கறவங்களுக்கு: இன்னும் ஆரம்பிக்காத ஸ்டேஜ்களை மட்டும் எடுத்து, ஒவ்வொண்ணையும் ரெண்டாப் பிரிக்கச் சொல்லிப் பேசுங்க. பாதி பொருள் சைட்ல இறங்கினதும், பாதி வேலை முடிஞ்சதும். பெரும்பாலானவங்க இதுக்கு ஒத்துக்குவாங்க. இதுக்கே ஒத்துக்காதவர்னா, அடுத்த ஸ்டேஜ் பணம் குடுக்கிறதுக்கு முன்னாடி அவரோட மத்த சைட்டுக்கு ஒரு நடை போய்ப் பாத்துட்டு வாங்க. உங்க கொட்டேஷன்ல புரியாத வரி இருந்தா கமென்ட்ல போடுங்க. பேரையும் நம்பரையும் மறைச்சுட்டுப் போடுங்க, அடுத்த வீடியோல உக்காந்து பிரிச்சுப் பாக்கலாம்.